சந்தா சாகிப் தோற்றது எங்கே?

புதுச்சேரி மாநிலத்தின் வரைபடத்தை முதன்முதலாகப் பார்க்கும் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். கீழே விழுந்து உடைந்த கண்ணாடி மாதிரி அது ஏன் இப்படித் துண்டு துண்டாகக் கிடக்கிறது? வில்லியனூர் ஒரு பக்கம், பாகூர் ஒரு பக்கம், நடுநடுவே தமிழ்நாடு. "பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி" என்று பள்ளிப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த ஊர்களை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று அது சொல்வதில்லை.

புதுச்சேரியில் பிரான்சுவா மர்த்தேன் 1674ல் வந்து இறங்கினார். 1740 வாக்கில் கவர்னர் துமாவின் காலத்தில் பக்கத்துக் கிராமங்கள் சில கைக்கு வந்தன. ஆனால் வில்லியனூர், பாகூர் பக்கத்து நிலங்களில் பெரும்பகுதி வந்தது 1749ல்தான். கொடுத்தவர் சந்தா சாகிப். அப்போதுதான் ஆற்காட்டு நவாபாகியிருந்தார். தன்னை நவாபாக்கிய கவர்னர் துய்ப்ளேக்கு நன்றிக்கடனாகச் சுமார் எண்பது கிராமங்களை எழுதிக் கொடுத்தார். மூன்றே வருடத்தில் அவர் தலை போய்விட்டது. பாகூர் இன்று புதுச்சேரியோடு இருக்கிறது.

சந்தா சாகிப் ஏன் தோற்றார் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ஆங்கிலேயர் எழுதிய புத்தகங்களில் "கிளைவின் வீரத்தால்". பிரெஞ்சுக்காரர்கள் எழுதியவற்றில் "லா என்ற தளபதியின் கோழைத்தனத்தால்". இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டுமே கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவர்கள் சொல்லும் பதில். முதல் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

சந்தா சாகிப்பின் இயற்பெயர் உசேன் தோஸ்த் கான். ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியின் மருமகன். கெட்டிக்காரர், துணிச்சல்காரர், பேச்சில் வல்லவர். சத்தியத்தை மட்டும் பெரிதாக மதிக்காதவர். 1736ல் திருச்சியை ஆண்ட நாயக்க அரசி மீனாட்சியை ஏமாற்றிக் கோட்டையைப் பிடித்தவர் இவர்தான். குர்ஆன் மேல் சத்தியம் செய்வதாகச் சொல்லி, பட்டுத்துணியில் சுற்றிய ஒரு செங்கல் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார் என்று ஒரு கதை உண்டு. மீனாட்சி விஷம் குடித்து இறந்தாள். செங்கல் கதை உண்மையோ பொய்யோ, அந்த வட்டாரம் அவரை எப்படி நினைத்தது என்பதற்கு அது ஒரு சாட்சி.

பிறகு மராத்தியர் வந்தார்கள். 1740ல் தாமல்செருவுக் கணவாயில் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். 1741 மார்ச்சில் திருச்சி விழுந்தது. சந்தா சாகிப் கைதியாகி சதாராவுக்குப் போனார். அவர் குடும்பம் மட்டும் புதுச்சேரி கோட்டைக்குள் பத்திரமாக இருந்தது. துமா அடைக்கலம் கொடுத்திருந்தார். ஏழு வருடம் கழித்து, 1748ல், மீட்புப் பணத்துக்கு ஏற்பாடாகி வெளியே வந்தார். அதில் துய்ப்ளேயின் கையும் இருந்தது. ஆக, நவாபாவதற்கு முன்பே சந்தா சாகிப் புதுச்சேரிக்குக் கடன்பட்டிருந்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே 1748ல் ஹைதராபாத்தில் கிழவர் நிஜாம் உல் முல்க் இறந்தார். மகன் நாசர் ஜங் ஒரு பக்கம், மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங் மறுபக்கம். சந்தா சாகிப்புக்கு ஆற்காடு வேண்டும், முசாபர் ஜங்குக்கு ஹைதராபாத் வேண்டும், துய்ப்ளேக்குத் தெற்கில் ஆங்கிலேயரை ஓரங்கட்ட வேண்டும். மூவரும் சேர்ந்தார்கள். 1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆம்பூரில் சண்டை. ஆற்காட்டு நவாப் அன்வருதீன் யானை மேலிருந்து போரிட்டுக் கொல்லப்பட்டார். மூத்த மகன் மாபூஸ் கான் பிடிபட்டார். இளைய மகன் முகமது அலி மட்டும் தப்பித் திருச்சிக்கு ஓடினார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

அந்த ஆகஸ்ட் மாதத்தில் முகமது அலியிடம் என்ன இருந்தது? படை சிதறிவிட்டது, அப்பா இறந்துவிட்டார், அண்ணன் சிறையில். ஆங்கிலேயர் அவருக்கு உதவியாக அனுப்பியது 120 ஐரோப்பிய வீரர்கள். அவருக்கு இருந்த ஒரே சொத்து திருச்சிக் கோட்டைதான். ஆனால் அது சாதாரணச் சொத்தல்ல. இரட்டை மதில், சுற்றிலும் அகழி, நடுவில் சுற்றுவட்டாரம் முழுவதையும் பார்க்கும் மலை, பக்கத்தில் காவிரி. தஞ்சை, மதுரை, மைசூர் எங்கே போக வேண்டுமானாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். திருச்சியைக் கையில் வைத்திருக்கும் எதிரி உயிரோடு இருக்கும்வரை ஆற்காட்டில் உட்கார்ந்திருப்பவர் பாதி நவாப்தான். இது யாரைவிடவும் சந்தா சாகிப்புக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தக் கோட்டையைப் பிடித்தவரும் அவரே, அதை இழந்து கைதியானவரும் அவரே.

ஆனால் அவர் உடனே திருச்சிக்குப் போகவில்லை. முதலில் ஆற்காட்டுக்குப் போனார்கள். பட்டம் சூட்டுவது, தர்பார் நடத்துவது, நஜர் வாங்குவது எல்லாம் நடந்தது. பிறகு புதுச்சேரிக்கு வந்தார்கள். வாணவேடிக்கை, பீரங்கி மரியாதை, விருந்து. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதிய காலம் இது. இந்த வருகையின்போதுதான் கிராமங்கள் கைமாறின.

துய்ப்ளே ஏன் இந்தக் கிராமங்களைக் கேட்டார் என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. பாகூர் பெரிய ஏரியும் நெல்லும் உள்ள ஊர். பல்லவ நிருபதுங்கவர்மன் காலத்திலேயே அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அன்றைய கல்லூரிக்கு, மூன்று கிராமங்களை எழுதி வைத்ததைப் பாகூர் செப்பேடு சொல்கிறது. வில்லியனூர் மேற்கே போகும் சாலையில் புதுச்சேரிக்கு வாசல் மாதிரி. ஒன்று சோற்றுக்கு, மற்றொன்று காவலுக்கு. கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்கு இரண்டுமே இல்லாமல் இருந்தன.

கொடுத்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. ஒரு நவாபின் பலம் நிலவரி. படைக்குச் சம்பளம் அதிலிருந்துதான் வரவேண்டும். சந்தா சாகிப் போரை முடிக்கும் முன்பே வரி வரும் நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இன்னும் கையில் வராத ராஜ்யத்துக்கு முன்பணமாகக் கையில் வந்த ஊர்கள் போயின.

தாமதத்துக்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவென் தன் கப்பற்படையோடு கடலூர் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக் கடலில்தான் நின்றிருந்தார். அவர் கிளம்பும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் என்று புதுச்சேரியில் நினைத்திருக்கலாம். ஆனால் கப்பலைத் திருச்சி வரை ஓட்ட முடியாதே! கடலோரத்துக்குப் பொருந்தும் பயம் அது, திருச்சிக்குப் பொருந்தாது. பாஸ்கவென் நவம்பர் வாக்கில் கிளம்பினார். ஆம்பூர் முடிந்து மூன்று மாதம் வீணாகியிருந்தது.

சரி, அதன் பிறகாவது நேராகத் திருச்சிக்குப் போனார்களா? இல்லை. தஞ்சாவூருக்குத் திரும்பினார்கள். காரணம் பணம். தர்பாரும் ஊர்வலமும் கஜானாவைக் காலி செய்திருந்தன, படைக்குச் சம்பளம் பாக்கி. தஞ்சை மராத்திய ராஜா பிரதாப சிங்கிடம் பழைய கப்பப் பாக்கி இருக்கிறது, மிரட்டினால் கொடுப்பார், அதை வைத்துத் திருச்சியைப் பிடிக்கலாம் என்பது சந்தா சாகிப்பின் திட்டம். காகிதத்தில் நல்ல திட்டம்தான்.

ஆனால் பிரதாப சிங் அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர். கொடுக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. பேசலாம் என்றார். தூதர் வருவார், போவார், ஒரு தொகை சொல்வார், குறைக்கச் சொல்வார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதே நேரத்தில் ஒரு கடிதம் நாசர் ஜங்குக்கு, இன்னொரு கடிதம் ஆங்கிலேயருக்கு. பிரெஞ்சுக்காரர்கள் பொறுமையிழந்து டிசம்பர் கடைசியில் ஒரு வாசலைத் தாக்கிப் பிடித்த பிறகுதான் ஒப்பந்தம் ஆனது. எழுபது லட்சம் ரூபாய் கொடுப்பதாக ராஜா ஒப்புக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்களுக்குக் காரைக்கால் பக்கத்தில் கிராமங்கள். ஒப்புக்கொண்டாரே தவிர பணம் உடனே வரவில்லை. பழைய வெள்ளிப் பாத்திரம், செல்லாத நாணயம், நகை என்று தவணை தவணையாக வந்தது. ஒவ்வொன்றையும் எடை போட்டு மதிப்புச் சொல்வதிலேயே நாட்கள் ஓடின. சந்தையில் வெண்டைக்காய் பேரம் பேசுவது போல ஒரு ராஜ்யத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் நாசர் ஜங் கர்நாடகத்துக்குள் வந்துவிட்டார். மூன்று லட்சம் பேர் கொண்ட படை என்று அன்றைய ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டிக்காரர், சமையல்காரர், கடைக்காரர், புல் அறுப்பவர் எல்லாரையும் சேர்த்த கணக்காகத்தான் இருக்கும். பாதியைத் தள்ளினாலும் பெரிய படை. தஞ்சை மதிலடியில் இருந்த கூட்டம் வசூலை அப்படியே விட்டுவிட்டுப் புதுச்சேரியை நோக்கி ஓடியது.

தங்கியது வில்லியனூர்ப் பக்கத்தில். இன்று திருக்காமீசுவரர் தேரோட்டத்துக்குக் கூட்டம் கூடும் அந்த ஊருக்கு அருகே 1750 மார்ச்சில் முசாபர் ஜங், சந்தா சாகிப், பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் மூவரின் படைகளும் முகாமிட்டிருந்தன. எதிரே நாசர் ஜங், அவரோடு முகமது அலி, மேஜர் லாரன்ஸ் தலைமையில் சில நூறு ஆங்கிலேயர், முராரி ராவின் மராத்தியக் குதிரைகள். சண்டைக்கு முந்தைய நேரத்தில் பிரெஞ்சுப் படையின் 13 அதிகாரிகள் தங்கள் பதவியை ராஜினாமா செய்தார்கள்! காரணம் மறுபடியும் தஞ்சாவூர்ப் பணம். தஞ்சாவூருக்குப் போன அதிகாரிகள் பங்கு வாங்கிக்கொண்டு நகரத்துக்குள் போய்விட்டார்கள், அவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள் எங்களுக்கும் அதே பங்கு வேண்டும் என்றார்கள். சிப்பாய்கள் குழம்பினார்கள். தோத்தேய் இரவோடு இரவாகப் படையைப் புதுச்சேரிக்குள் இழுத்துக்கொண்டார். முசாபர் ஜங் மாமன் கையில் சரணடைந்து விலங்கு மாட்டப்பட்டார். சந்தா சாகிப் மட்டும் பின்வாங்கும் படையின் பின்புறத்தில் நின்று முராரி ராவின் குதிரைகளைத் தடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். கோழை என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

ஆக, திருச்சியைப் பிடிக்க வேண்டிய நேரம் தஞ்சாவூரில் செலவானது. தஞ்சாவூரில் வந்த பணம் வில்லியனூரில் சொந்தப் படையையே உடைத்தது. ஆம்பூரில் ஜெயித்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

இந்த இடத்தில் பழைய சீனத்தின் சியாங் யூ ஞாபகத்துக்கு வராமல் இருக்கமாட்டார். கி.மு. 206ல் சின் பேரரசை வீழ்த்தி, மலைகளும் ஆறும் காவல் காக்கும் குவான்சோங் சமவெளியைக் கையில் வைத்திருந்தார். அங்கேயே இருந்து ஆண்டிருந்தால் யாரும் அசைத்திருக்க முடியாது. ஆனால் தலைநகரைக் கொளுத்திவிட்டு, நாட்டைத் துண்டுபோட்டுப் பதினெட்டு ராஜாக்களுக்குக் கொடுத்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கமான பெங்செங்குக்குத் திரும்பிப் போனார். சில மாதங்களில் லியூ பாங் வந்து குவான்சோங்கை எடுத்துக்கொண்டார். அடுத்த நான்கு வருடமும் சியாங் யூ களத்தில் பெரும்பாலும் ஜெயித்துக்கொண்டேதான் இருந்தார். கி.மு. 202ல் கைசியாவில் சூழப்பட்டபோது கூட இருந்தவர்கள் கொஞ்சம் பேர். சண்டையில் ஜெயித்தவர், இடத்தைக் கோட்டைவிட்டவர். சந்தா சாகிப்புக்குச் சியாங் யூவின் களத்திறமை இல்லை, ஆனால் தவறு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

அதிர்ஷ்டம் அவருக்கு இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். டிசம்பரில் நாசர் ஜங் தன் முகாமிலேயே, தன்னோடு வந்த பட்டாணிய நவாப்களின் சதியில் கொல்லப்பட்டார். முசாபர் ஜங் விலங்கிலிருந்து நேராகச் சிம்மாசனத்துக்குப் போனார். புதுச்சேரியில் மறுபடி வாணவேடிக்கை. மறுபடி தாமதம். இந்த முறை காலத்தை வாங்கியவர் முகமது அலி. திருச்சியைக் கொடுத்துவிடுகிறேன், எனக்கு வேறு ஏதாவது ஜாகீர் கொடுங்கள் என்று துய்ப்ளேயோடு கடிதம் எழுதிப் பேசிக்கொண்டே இருந்தார். துய்ப்ளேயும் நம்பினார். பிரதாப சிங் தஞ்சையில் ஆடிய அதே ஆட்டம்!

இதற்கிடையில் துய்ப்ளே செய்த ஒரு காரியம் சந்தா சாகிப்பின் விதியைப் பாதி எழுதிவிட்டது. கையிலிருந்த ஒரே நல்ல தளபதியான புஸ்ஸியை, சுமார் 300 ஐரோப்பியர், 2000 சிப்பாய்களோடு, 1751 தொடக்கத்தில் முசாபர் ஜங்கோடு தக்காணத்துக்கு அனுப்பிவிட்டார். வழியிலேயே முசாபர் ஜங் கொல்லப்பட, புஸ்ஸி வேறொருவரை நிஜாமாக்கி அங்கேயே தங்கிவிட்டார். ஹைதராபாத்தில் பிரெஞ்சுக்கொடி பறந்தது பெரிய சாதனைதான். ஆனால் திருச்சி இன்னும் விழவில்லை. வீட்டுக்குள் தீ எரியும்போது தண்ணீர்க் குடத்தைப் பக்கத்து ஊருக்கு அனுப்பியது மாதிரி.

கடைசியில் 1751 நடுவில்தான் சந்தா சாகிப் திருச்சி மதிலுக்கு முன்னால் வந்து நின்றார். 1749 ஆகஸ்டில் 120 ஆங்கிலேயர்கூட உள்ளே இல்லாதபோது வந்திருக்க வேண்டிய இடம். இப்போது சென்னைப் பட்டணத்து ஆங்கிலேயர் விழித்துக்கொண்டிருந்தார்கள். துய்ப்ளே ஜெயித்தால் தங்கள் வியாபாரமே போய்விடும் என்று புரிந்திருந்தது. முகமது அலியோ திருச்சியையே மைசூர் நஞ்சராஜனுக்குக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்து (காப்பாற்றும் எண்ணம் இல்லாமல்தான்) மைசூர்ப் படையை வரவழைத்தார். முராரி ராவ் கூலிக்கு வந்தார். புதுக்கோட்டைத் தொண்டைமான் அரிசியும் ஆளும் அனுப்பினார். தஞ்சாவூர்ப் படை மானோஜி தலைமையில் வந்தது.

தஞ்சாவூர் ஏன் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் பீரங்கி வைத்துப் பாத்திரபண்டம் வரை எடை போட்டு வாங்கிய மனிதர் ஜெயித்தால் அடுத்தது யார் என்று பிரதாப சிங்குக்குத் தெரியும். மைசூரும் மராத்தியரும் பேராசைக்கு வந்தார்கள், தஞ்சாவூர் பயத்துக்கு வந்தது. அந்தப் பயத்தை உண்டாக்கியது 1749 டிசம்பர்.

கிளைவ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 200 ஆங்கிலேயர், 300 சிப்பாய்களோடு போய் 1751 செப்டம்பரில் காவலில்லாமல் கிடந்த ஆற்காட்டைப் பிடித்தார். வயது 26 நிறையவில்லை. சந்தா சாகிப் திருச்சியிலிருந்து 4000 பேரைப் பிரித்துத் தன் மகன் ராஜா சாகிப்போடு சேர அனுப்பினார். ஐம்பது நாள் முற்றுகை போட்டும் ஆற்காட்டுக் கோட்டை விழவில்லை. கிளைவின் மனவுறுதி பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு நவாபின் தலைநகரம் ஏன் காவலில்லாமல் கிடந்தது? இருந்த கொஞ்சப் படை திருச்சியில் மாட்டிக்கொண்டிருந்ததால். திருச்சி முன்பே விழுந்திருந்தால் கிளைவ் ஆற்காட்டுக்குப் போக வேண்டிய அவசியமே வந்திருக்காது.

1752 தொடக்கத்தில் லாரன்ஸ் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து தலைமை ஏற்றார். புதுப்படையோடு அவர் திருச்சிக்குள் நுழைவதைத் தடுக்க பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா முயன்று தோற்றார். (பிரான்சின் நிதியை 1720ல் திவாலாக்கிய ஜான் லாவின் அண்ணன் தம்பி மகன்தான் இவர். அந்தக் குடும்பத்துக்கு என்ன ராசியோ!) பிறகு லா எடுத்த முடிவு விசித்திரமானது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கம் தீவுக்குள் மொத்தப் படையையும் கொண்டுபோய் அடைத்தார். கோயில் மதில்கள் காப்பாற்றும் என்று நினைத்தார். சந்தா சாகிப் வேண்டாம் என்று எதிர்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

இதுதான் கவனிக்க வேண்டிய இடம். நவாப் அவர், போர் அவருடையது, தலை போகப்போவதும் அவருடையது. ஆனால் எங்கே நிற்பது என்று முடிவு செய்தது கம்பெனிச் சம்பளம் வாங்கும் ஒரு தளபதி. 1749ல் கிராமங்களை எழுதிக் கொடுத்தபோதே இந்த நிலைமைக்கு அச்சாரம் போட்டாகிவிட்டது. யார் பணம் போடுகிறார்களோ அவர்கள் ஆள்தான் முகாம் இடத்தைக் காட்டுவார்.

கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்து புதுச்சேரி வழியை அடைத்தார். லாவை மீட்க துய்ப்ளே அனுப்பிய தோத்தேய் வாலிகண்டபுரத்தில் சரணடைந்தார். தீவுக்குள் சாப்பாடு தீர்ந்தது. சம்பளமும் சோறும் இல்லாத சிப்பாய்களைப் போகச் சொல்லி சந்தா சாகிப்பே விடை கொடுத்தார். அவர்களில் பலர் நேராக எதிர் முகாமில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்துச் சிப்பாயைக் குறை சொல்லவும் முடியாது.

1752 ஜூனில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் ஆங்கிலேயரிடமும் போகவில்லை, முகமது அலியிடமும் போகவில்லை. தஞ்சாவூர்த் தளபதி மானோஜியின் வாக்கை நம்பி அவரிடம் போனார். பணம் கொடுத்தால் காரைக்காலுக்குத் தப்ப விடுவார் என்று நம்பிக்கை. மானோஜி அவருக்கு விலங்கு போட்டார். அவரை யார் வைத்துக்கொள்வது என்று மைசூர், மராத்தியர், முகமது அலி, ஆங்கிலேயர் எல்லோரும் சண்டை போட்டார்கள். யாரிடம் கொடுத்தாலும் மற்றவர்களுக்கு ஆபத்து. மானோஜி சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பட்டாணியனை அனுப்பித் தலையை வெட்டச் செய்தார். அந்தத் தலை முகமது அலியிடம் போய், ஒட்டகத்தின் கழுத்தில் கட்டித் திருச்சி மதிலைச் சுற்றி வந்தது. பதினாறு வருடங்களுக்கு முன்பு மீனாட்சிக்குச் சத்தியம் செய்து கொடுத்த அதே சத்திரத்தில்தான் அவர் கொல்லப்பட்டார் என்று மக்கள் பேசிக்கொண்டதாகச் சொல்வார்கள். செங்கல் கதை மாதிரிதான் இதுவும், ஆனால் ஊர் அப்படித்தான் கணக்குத் தீர்த்துக்கொள்ளும்.

துய்ப்ளே அதோடு விட்டுவிடவில்லை. அந்த வருடமே மறுபடி படை திரட்டினார். தலைமை அவருடைய உறவினர் கெர்ஜான். கடலூர்ப் பக்கம் ஆங்கிலேயரை நெருக்கிக்கொண்டிருந்த அந்தப் படைக்கு முன்னால் லாரன்ஸ் பயந்தவர் போலப் பின்வாங்கித் திருவந்திபுரத்துக்குப் போனார். கெர்ஜான் நம்பித் துரத்திக்கொண்டு பாகூருக்கு வந்து முகாமிட்டார். விடிவதற்கு முன் இருட்டில் லாரன்ஸ் திரும்பி வந்து தாக்கினார். ஆங்கிலேயர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 26, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 6. இங்கிலாந்து அப்போது பழைய காலண்டரில் 11 நாள் பின்தங்கியிருந்தது. சில நாட்களில் அவர்களும் மாற்றிக்கொண்டார்கள். இந்தக் காலத்துத் தேதிகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதற்கு இதுதான் காரணம். பாகூரில் இரண்டு பக்கமும் துப்பாக்கிமுனை ஈட்டியால் நேருக்கு நேர் குத்திக்கொண்டார்கள். அந்த நாட்களில் ஐரோப்பாவிலேயே அபூர்வமாக நடக்கும் விஷயம். பிரெஞ்சு அணி உடைந்தது. கெர்ஜானும் பல அதிகாரிகளும் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் கைதானார்கள்.

சண்டை சிறியது. இரண்டு பக்கமும் ஐரோப்பியர் நானூறு பேர் வாக்கில்தான். ஆனால் அப்போது மைசூரும் முராரி ராவும் கட்சி மாறிப் பிரெஞ்சுக்காரர்களோடு சேர முடிவு செய்திருந்தார்கள். உதவிக்கு அனுப்பப்பட்ட மராத்தியக் குதிரைப்படை வழியிலேயே பாகூர்ச் செய்தியைக் கேட்டது. உடனே திரும்பி, அதற்காகவே வந்தவர்கள் போல முகமது அலியை வாழ்த்தப் போய்விட்டது. பிறகு அவர்கள் மறுபடி பிரெஞ்சுப் பக்கம் வந்தது வேறு கதை. சந்தா சாகிப் எழுதிக் கொடுத்த நிலத்திலேயே, அவர் இறந்த மூன்றாம் மாதத்தில், அவருக்காகத் தொடங்கிய போரின் ஒரு கட்டம் இப்படி முடிந்தது. 1754ல் கோதே என்ற புது ஆள் வந்து இறங்கி துய்ப்ளேயைக் கப்பலேற்றினார். கம்பெனி தனக்குத் தர வேண்டிய பணத்தைக் கேட்டுக் கேட்டே 1763ல் அவர் வறுமையில் இறந்தார்.

முகமது அலி ஜெயித்தாரா என்றால், ஜெயித்தார். 1795 வரை உயிரோடிருந்தார். ஆனால் திருச்சிக்காக வாங்கிய கடன் அவரை விடவே இல்லை. ஜில்லா ஜில்லாவாக வரி வசூல் ஆங்கிலேயரிடம் அடமானம் போனது. 1801ல் ராஜ்யமே போனது. எதிரி புதுச்சேரியில் பட்ட கடனை இவர் சென்னையில் பட்டார், வித்தியாசம் அவ்வளவுதான்.

தஞ்சாவூர்ப் பத்திரமும் சும்மா இருக்கவில்லை. பிரதாப சிங் எழுதிக் கொடுத்துக் கொடுக்காமல் விட்ட பாக்கி 56 லட்சம் ரூபாய்க்கான சீட்டு புதுச்சேரிப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. 1758ல் பிரான்சிலிருந்து வந்த லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்த கையோடு சென்னைக்குப் போயிருக்க வேண்டும். கையில் காசில்லை. யாரோ அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார்கள். லாலி தஞ்சாவூருக்குப் போனார்! அதே ராஜா, அதே மதில், அதே பேரம். ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பினார். சென்னைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது டிசம்பர் ஆகிவிட்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்து தரைமட்டமானது.

அதற்கப்புறம் புதுச்சேரி கைமாறிக் கைமாறி வந்தது. 1783ல் இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சாயில் சமாதானம் பேசியபோது, அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், செனகல் என்று உலகத்தையே பங்கு பிரித்த அந்தப் பத்திரத்தில் ஓர் இடத்தில் புதுச்சேரியும் வருகிறது. புதுச்சேரிக்குச் சுற்றுநிலமாக இரண்டு பகுதிகளை வாங்கித் தருவதாக இங்கிலாந்து அரசர் ஒப்புக்கொள்கிறார். ஒன்று "வலனூர்" என்று பிரெஞ்சு வாயில் மாறிப்போன வில்லியனூர். மற்றொன்று பாகூர்.